இருளை அறிந்தவரே வழிகாட்டட்டும்

விடுமுறை நாள்கள் நெருங்கும்போது பல குடும்பங்களில் ஒரு சிறு வரவு செலவுத் திட்டம் உருவாகிறது. காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் ஒருநாள் பயணத்துக்கு எவ்வளவு செலவாகும், வண்டிக்கு எவ்வளவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். அக்கணக்கில் வழிகாட்டிக்கான தொகை பெரும்பாலும் கடைசி வரியாகவே இடம்பெறுகிறது. கையிருப்பு குறைந்தால் முதலில் அடிக்கப்படுவதும் அவ்வரிதான். வழித்தடத்தைக் கைப்பேசி காட்டும், வரலாற்றை இணையம் சொல்லும், வழிகாட்டி எதற்கு என்று கேட்போர் பலர்.

இந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சில இடங்களுக்கு நாம் செலுத்தும் கட்டணத்தின் உண்மையான பயன் வழிகாட்டியிடமே இருக்கிறது. குறிப்பாக, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இடங்களுக்கு, அதாவது இருளுக்குள்ளும் நிலத்தடியிலும் இருக்கும் இடங்களுக்கு இது முற்றிலும் பொருந்தும். ஒன்று நமக்கு வெகு தொலைவிலும் மற்றொன்று வெகு அருகிலும் உள்ள இரு இடங்களைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன். முதலாவது நியூசிலாந்தின் வைட்டோமோ. இரண்டாவது கோலார் தங்கவயலின் ஊரிகம்.

விண்மீன்களைப் போன்ற புழுக்கள்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள வைட்டோமோ, சுண்ணாம்புப் பாறைக் குகைகளுக்குப் பெயர் பெற்ற சிற்றூர். மாவோரி மொழியில் ‘வை’ என்றால் நீர், ‘டோமோ’ என்றால் பள்ளம் அல்லது துளை. குகைக்குள் ஓடும் ஆற்றில் படகு மெல்ல நகர, மேற்கூரை முழுவதும் நீலப்பச்சை நிறத்தில் ஆயிரக்கணக்கான ஒளிப்புள்ளிகள் தென்படும். முதன்முறை காண்பவர், பாறை விலகி வானம் தெரிகிறதோ என்று ஐயுறுவார்.

அவை நம் ஊர் மின்மினிகள் அல்ல. மின்மினி ஒரு வண்டினம். வைட்டோமோவின் ஒளிப்புழுவோ கொசுவை ஒத்த ஒரு சிறு பூச்சியின் புழுப் பருவம். அப்புழு கூரையிலிருந்து பட்டுநூல் போன்ற இழைகளைத் தொங்கவிடுகிறது. இழைகளில் பசைத் துளிகள் மணி மணியாகக் கோத்திருக்கும். ஒளியை நாடிப் பறந்து வரும் பூச்சிகள் அவ்விழைகளில் சிக்கிக்கொள்ள, புழு இழையை மேலே இழுத்து அவற்றை உண்கிறது. இவ்வாறு பல மாதங்கள் உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, முடிவில் சிறகு பெறும் பூச்சிக்கு உண்பதற்கு வாயே கிடையாது. சில நாள்களில் இணை சேர்ந்து, முட்டையிட்டு, மடிந்துவிடுகிறது. நாம் வியக்கும் அந்த விண்மீன் கூட்டம் உண்மையில் பசித்திருக்கும் உயிர்கள் விரித்த தூண்டில் வலை. இதைச் சொல்ல ஒருவர் உடன் இல்லாவிட்டால், அழகிய விளக்கு அலங்காரத்தைக் கண்டோம் என்ற நினைவோடு மட்டுமே வெளியே வருவோம்.

வழிகாட்டியின் வேலை விளக்கம் சொல்வதோடு முடிவதில்லை. பயணிகளைத் தடுத்து நிறுத்துவதும் அவருடைய பொறுப்பே. ஒலியும் வெளிச்சமும் புழுக்களைக் கலைக்கும் என்பதால், குகைக்குள் அமைதி காக்கவேண்டும், ஒளிப்படம் எடுக்கக்கூடாது என்பன அங்குள்ள கண்டிப்பான விதிகள். மனிதர் விடும் மூச்சுக்கும்கூட அங்கே அளவு உண்டு. மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குகையின் ஈரத்தில் கரைந்து மென் அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையை அரிக்கும். ஆகவே குகைக் காற்றில் அவ்வாயுவின் அளவு இடைவிடாது கண்காணிக்கப்படுகிறது. பத்து இலட்சத்தில் 2,400 பங்கு என்பது வரம்பு. அதைத் தாண்டும் நிலை வந்தால் பயணிகளின் வரவு நிறுத்தப்படும். 1979ஆம் ஆண்டில் புழுக்களின் ஒளி பெரிதும் குன்றியபோது, குகையைச் சில மாதங்கள் மூடியே வைத்திருந்தார்கள். வருமானம் வரும் வாயிலைத் தாமே அடைக்கத் துணிந்ததால்தான் அவ்வருமானம் இன்றும் தொடர்கிறது.

வைட்டோமோவுக்குச் செல்லும் ஒருநாள் பயணிகள் பலர் அருகிலுள்ள ஓட்டோரோஹங்கா என்னும் ஊரின் உயிரினப் பூங்காவையும் காண்கிறார்கள். 1971இல் தொடங்கப்பட்ட அப்பூங்காவில் கீவிப் பறவைகளுக்கென ஒரு கூடம் இருக்கிறது. கீவி இரவில் நடமாடும் பறவை. எனவே கூடத்தில் பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றியிருக்கிறார்கள். பயணிகள் மங்கிய ஒளியில் கண்களைப் பழக்கிக்கொண்டு பொறுமையாக நிற்கவேண்டும். குகையிலும் பூங்காவிலும் பயணி தன் வசதியைச் சற்றே விட்டுக்கொடுத்து, அந்த உயிரின் வாழ்முறைக்கு இணங்கிப் போகவேண்டியிருக்கிறது. அந்த இணக்கத்தைக் கற்றுத் தருபவர் வழிகாட்டி.

குகை யாருடையது?

வைட்டோமோவின் வரலாற்றில் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. குகை இருப்பதை அவ்வூர் மாவோரி மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 1887ஆம் ஆண்டில் டானே டினோராவ் என்னும் மாவோரித் தலைவரும் ஃபிரெட் மேஸ் என்னும் ஆங்கிலேய நில அளவையாளரும் ஆளிச்செடித் தண்டுகளால் கட்டிய தெப்பத்தில், மெழுகுத்திரி ஏந்தி, ஆற்றோடு உள்ளே சென்று குகையை ஆராய்ந்தனர். இரண்டே ஆண்டுகளில், 1889இல், டினோராவ் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அவரும் அவர் மனைவி ஹுட்டியும் சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு வந்தவர்களை உள்ளே அழைத்துச் சென்றனர். 1906இல் அரசு குகையின் நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எண்பதாண்டுகளுக்கு மேல் கடந்தபின், 1989இல், நிலமும் குகையும் பழைய உரிமையாளர்களின் வழித்தோன்றல்களுக்குத் திருப்பி அளிக்கப்பட்டன. வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு, நிர்வாகத்திலும் இடம் உண்டு. அங்கே பணிபுரியும் பலர் டினோராவ், ஹுட்டி இணையரின் கால்வழியினர்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான முயற்சிகள் இல்லாமலில்லை. மகாராட்டிரத்தின் அகோலே வட்டத்தில் உள்ள புருஷ்வாடி என்னும் மலைக்கிராமத்தில், பருவமழைக்கு முந்தைய வாரங்களில் மரந்தோறும் மின்மினிகள் ஒளிர்வதைக் காண நகரத்தார் வருகிறார்கள். கிராமத்து மக்களே அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்து, இரவில் உடன் சென்று காட்டுகிறார்கள். விருந்தினர் செலுத்தும் பணத்தில் ஒரு பகுதி அங்கேயே தங்குகிறது. மின்மினி அழிந்தால் தமக்கும் இழப்பு என்பதை அவ்வூர் நன்கறியும்.

இனி நமக்கு அருகிலுள்ள இருளுக்கு வருவோம்.

ஊரிகத்தின் ஆழம்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளைப்பாதையில் உள்ள சிறு நிலையம் ஊரிகம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. விடியற்காலையில் இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலை தேடி அந்த மாநகருக்குப் பயணமாகி இரவில் திரும்புகிறார்கள். எதிர்த்திசையில், விடுமுறை நாள்களில், மாநகரத்தார் கோலார் மாவட்டத்துக்கு ஒருநாள் பயணம் வருகிறார்கள். கோலார் நகரை ஒட்டிய அந்தரகங்கை மலையில் பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து உண்டாக்கிய குகைகளுக்குள் வழிகாட்டிகளுடன் தவழ்ந்து செல்கிறார்கள். கம்மசந்திரத்தில் கோடிலிங்கேசுவரர் கோயிலை வழிபடுகிறார்கள். ‘கே.ஜி.எஃப்’ (2018), ‘தங்கலான்’ (2024) ஆகிய திரைப்படங்களுக்குப் பின் தங்கவயலையும் எட்டிப் பார்க்க வருவோர் உண்டு. சயனைடு மேடுகளின் பின்னணியில் படம் எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பிவிடுகிறார்கள்.

அம்மேடுகள் இயற்கைக் குன்றுகள் அல்ல. பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. அதன் அளவு 3 கோடி டன்னுக்கு மேல். காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசு குடியிருப்புகளின்மேல் படிகிறது. அது குழந்தைகள் சறுக்கி விளையாடுவதற்கேற்ற இடமன்று என்று சொல்லக்கூட அங்கே ஒரு வழிகாட்டி இல்லை.

ஆனால் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் இங்கே சுரங்கப் பணியை ஏற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்னும் சுரங்கங்கள் அடுத்தடுத்து விரிந்தன. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுபவமிக்க சுரங்கப் பணியாளர் மேற்பார்வைக்கு வந்தனர். பாறையை உடைக்க வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் உழைப்பாளர் வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர், அவர்களிலும் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இவ்வூருக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. குடைந்த பாறையின் அழுத்தம் திடீரென்று விடுபட்டுச் சுவர்கள் வெடித்துச் சிதறும் பாறை வெடிப்புகள் பல உயிர்களைக் குடித்தன. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோய் எஞ்சியோரில் பலரை வாட்டியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிருந்து எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ 800 டன். வங்கியின் பெட்டகத்தில் நகையை வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் நாம், அந்தப் பொன் எவ்வழியே மேலே வந்தது என்பதை அறிந்திருத்தல் நன்று.

இந்த இருளிலும் ஒருமுறை ஒளி தென்பட்டது. 1965ஆம் ஆண்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், சப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. துகள் பாயும்போது மின்னும் பிளாஸ்டிக் தகடுகளும் நியான் குழாய்களும் அக்கருவிகளில் இருந்தன. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த ஆய்வுகளுள் அது ஒன்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது கண்டறியப்பட்டது. வைட்டோமோவின் ஒளியைப் பார்க்க உலகமே செல்கிறது. ஊரிகத்துக்கு அடியில் மின்னிய ஒளியைப் பற்றி அவ்வூர்ப் பள்ளி மாணவர்க்கேனும் சொல்ல ஒரு கூடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சொல்ல வல்லவர்கள்

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் நிறுத்தப்பட்டன. அன்று 40 வயதில் இருந்த தொழிலாளர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். கூண்டில் இறங்கிய அனுபவமும், பாறையைத் தட்டி ஓசையால் அதன் உறுதியை உணரும் திறமும், உடன் வேலை செய்தவரை இழந்த துயரமும் அவரிடம் இருக்கின்றன. எழுதி வைக்கப்படாத அறிவு அது. இன்னும் இருபது ஆண்டுகளில் அதைச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்.

பிரிட்டனின் வேல்சு நாட்டில் பிளேனாவன் என்னும் ஊரில் ‘பிக் பிட்’ என்னும் நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1983இல், அது பார்வையாளருக்காகத் திறக்கப்பட்டது. இன்று அது தேசிய நிலக்கரி அருங்காட்சியகம். பார்வையாளர் தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, கைப்பேசி, கைக்கடிகாரம் முதலிய மின்கலப் பொருள்களை மேலேயே ஒப்படைத்துவிட்டு, கூண்டில் 90 மீட்டர் ஆழம் இறங்குகிறார். உடன் வந்து காட்டும் பணியில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே அமர்த்தப்பட்டனர். ஊரிகத்துக்கு மேற்பார்வையாளர்களை அனுப்பிய கார்ன்வாலிலும் அவ்வாறே. 1990இல் மூடப்பட்ட கீவர் வெள்ளீயச் சுரங்கம் 1993 முதல் காட்சியகமாக இயங்குகிறது. அங்கிருந்து இங்கு வந்த தொழிலின் கதை அங்கே பேணப்படுகிறது. அதன் மறுபாதி இங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

ஊரிகத்தின் சுரங்கங்களில் நீர் நிரம்பிவிட்டதே, பாறை வெடிப்பு அச்சமும் உண்டே, மக்களை எப்படி இறக்குவது என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. ஆழத்தில் யாரையும் இறக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தரைக்கு மேல் காட்டுவதற்கே ஒரு நாள் போதாது. ஷாஃப்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், கூண்டை ஏற்றி இறக்கிய எந்திரக் கூடங்கள், அதிகாரிகளின் மாளிகைகள், தொழிலாளரின் லைன் வீடுகள், சுரங்க மருத்துவமனை, தேவாலயங்கள், கோயில்கள், பேத்தமங்கலம் ஏரி ஆகியவற்றை ஒரு வழித்தடத்தில் இணைக்கலாம். தரைமட்டத்திலேயே ஒரு மாதிரிச் சுரங்கப் பாதை அமைத்து, விளக்கை அணைத்து, அந்த இருளை ஒரு நிமிடம் உணரச் செய்யலாம். நியூட்ரினோ ஆய்வுக்கென ஒரு சிறு கூடம் அமைக்கலாம். சயனைடு மேடுகளைத் தொலைவிலிருந்து காட்டி, அருகே செல்லலாகாது என்பதற்குக் காரணம் சொல்லலாம்.

வறுமையைக் காட்சிப்பொருளாக்குவதா என்பது இரண்டாவது கேள்வி. லைன் வீடுகளில் மக்கள் வாழ்கிறார்கள். அந்த வாசல்களில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது முறையன்று. எங்கே செல்லலாம், எங்கே படம் எடுக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரலாம் என்பதை அங்கு வாழ்வோர் தீர்மானிக்கவேண்டும். வைட்டோமோவில் மூச்சுக்காற்றுக்கு வரம்பு இருப்பது போல, ஊரிகத்தில் பார்வைக்கு ஒரு வரம்பு வேண்டும். வெளியூர் நிறுவனம் ஒன்று பேருந்தில் ஆள்களை ஏற்றிவந்து, எழுதிக் கொடுத்த உரையை ஒப்பித்துவிட்டுப் போனால் அவ்வரம்பை யார் காப்பார்?

மூன்றாவது, இதனால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்துவிடும் என்பது. சுரங்கம் தந்த வேலைகளைச் சுற்றுலா ஒருபோதும் திருப்பித் தராது. அப்படி வாக்களிப்பவரை நம்பவேண்டாம். விடியற்காலை ரயிலின் நெரிசலை இது குறைத்துவிடப் போவதில்லை. எனினும் சில பத்துக் குடும்பங்களுக்கு ஊரிலேயே மதிப்பான வருமானம் கிடைத்தால் அது சிறிய செய்தியன்று. மூத்தவர் கதை சொல்ல, இளையவர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துரைக்க, பெண்கள் குழுவாக உணவு சமைத்து வழங்க, ஒரு வேன் வாங்க என்று இதற்கு வேண்டிய முதலீடு மிகக் குறைவு. சிறுதொழில்களுக்கென 2015இல் தொடங்கிய முத்ரா கடன் திட்டமும், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான வங்கிக் கடனும் இத்தகைய தேவைகளுக்கானவையே. நிலத்தையும் கட்டடங்களையும் பொறுப்பில் வைத்திருப்போர் அனுமதி தரவேண்டும். பாதுகாப்பையும் பயிற்சியையும் மாநிலச் சுற்றுலாத் துறை ஏற்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் கடன் மட்டும் பயன் தராது.

பயணிக்கு ஒரு வேண்டுகோள்

அரசும் நிறுவனங்களும் செய்யும்வரை நாம் காத்திருக்கவேண்டியதில்லை. அடுத்த ஒருநாள் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் நான்கு கேள்விகள் கேட்போம். வழிகாட்டி அந்த ஊரைச் சேர்ந்தவரா? நாங்கள் தரும் தொகையில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது? ஒரு வேளையில் எத்தனை பேரை உள்ளே விடுகிறீர்கள்? எவையெல்லாம் அங்கே செய்யக்கூடாதவை? கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை தருபவரை நம்பலாம். எதையும் செய்யலாம், எங்கும் போகலாம் என்பவர் அவ்விடத்தை அறியாதவர், அல்லது அதன்மேல் அக்கறையற்றவர். பன்னேர்கட்டாவின் பூங்காவில் விலங்குகளைக் காணச் சென்றாலும், அந்தரகங்கையின் பாறைக் குகைகளுக்குள் நுழைந்தாலும் இக்கேள்விகள் பொருந்தும்.

தங்கவயலுக்குச் செல்வோர் இன்றே ஒன்று செய்யலாம். மேடுகளின்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், ஊரிகத்திலோ மாரிக்குப்பத்திலோ ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர் யாரேனும் இருக்கிறாரா என்று பணிவோடு விசாரிக்கலாம். அவர் இசைந்தால் ஒரு மணி நேரம் அவரோடு நடக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்குரிய தொகையை, அன்பளிப்பாக அல்லாமல், வழிகாட்டிக்கு உரிய ஊதியமாக மரியாதையுடன் அவர் கையில் கொடுத்துவிட்டு வரவேண்டும். பயணக் கணக்கில் வழிகாட்டிக்கான வரியைக் கடைசியிலிருந்து முதலிடத்துக்கு மாற்றி எழுதினால், அத்தொகை தானாகவே கையில் இருக்கும்.